மாற்று உரைத்துப் பார்த்தோமா?

(மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன், கருவேப்பிலங்குறிச்சி)

மலர்க் குழுத் தோழர் வந்து, "உன் பங்குக்கு ஒரு கட்டுரை குடுடா. சமுதாயச் சிந்தனை இருக்கணும்" என்று சொன்னார். "வரதட்சணை, நதிநீர், செல்போன் மோகம் எல்லாத்தையும் போன வருஷமே எழுதிட்டாங்களே" என்றேன். "அப்ப உன் டிபார்ட்மெண்ட் பத்தியே எழுது. ஆனா கருத்து இருக்கணும்" என்றார். கருத்து இருக்கிறது. கொஞ்சம் கோபமும் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான்: சாட்டிலைட் மோடம்களை ஒரு ரிடன்டன்சி சுவிட்ச்சோடு இணைப்பது, அதற்குப் பொருத்தமான இன்டர்ஃபேஸ் கார்டு போடுவது. நண்பர்களே, தயவுசெய்து பக்கத்தைத் திருப்பாதீர்கள்! செராமிக், மெக்கானிக்கல், சிவில் தோழர்களுக்கும் இதில் சங்கதி உண்டு. என் அப்பாவே பீங்கான் சூளைத் தொழிலாளிதான். அவர் செய்யும் ஒரு பொருளை வைத்துத்தான் இது எனக்குப் புரிந்தது.

நம்ம ஊர்க் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சுந்தரர் திருமுதுகுன்றத்தில், அதாவது நம் விருத்தாசலத்தில், பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார். திருவாரூர் வரைக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாதே! மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்ற பேச்சுக்குப் பின்னால் நிற்கிற கதை இதுதான் என்பார்கள். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டின் முதல் அப்லிங்க்கும் டவுன்லிங்க்கும் அதுதான். ஒரு பக்கம் போடு, இன்னொரு பக்கம் எடு. நடுவில் எந்த வழியாகப் போனது என்று கேட்காதே.

சாட்டிலைட் மோடம் செய்வதும் அதுதான். நம் கம்ப்யூட்டரோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சோ கொடுக்கும் ஒன்று, பூஜ்ஜியங்களை வாங்கி, வழியில் சிதைந்தால் சரிசெய்துகொள்ளக் கூடுதல் பிட்களைச் சேர்த்து, 70 மெகாஹெர்ட்ஸ் அல்லது எல்-பேண்ட் அலையில் ஏற்றி அனுப்பும். அங்கிருந்து அப்-கன்வர்ட்டர், பவர் ஆம்ப்ளிஃபயர், டிஷ். பிறகு 36,000 கிலோமீட்டர் மேலே போய் அதே தூரம் கீழே இறங்கும். கால் விநாடி ஆகும். இறங்கிய இடத்தில் இன்னொரு மோடம் அதைப் பிரித்துக் கொடுக்கும்.

கதையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. சுந்தரர் பொன்னை ஆற்றில் போடுவதற்கு முன்னால், சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு துண்டு வெட்டி எடுத்துவைத்துக்கொண்டார். மச்சம் வெட்டுவது என்று சொல்வார்கள். குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்ததாம். அதை உரைத்துப் பார்த்துச் சொன்ன பிள்ளையாருக்குத் திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் என்றே பெயர். கடவுளே கொடுத்த பொன்னாக இருந்தாலும் உரைத்துப் பார்க்காமல் மனுஷன் வாங்கவில்லை! நாமோ 'மாற்று ஏற்பாடு இருக்கிறது' என்று யாராவது சொன்னால் போதும், பேசாமல் தலையாட்டிவிடுகிறோம். இந்தக் கட்டுரை எழுத வந்ததே அதற்காகத்தான்.

சரி, ரிடன்டன்சி சுவிட்ச் என்றால் என்ன? நம்ம ரோட்டில் போகும் பத்துச் சக்கர லாரியைப் பாருங்கள். ஓடுவது பத்து டயர். தொங்குவது ஒரு ஸ்டெப்னி. பத்தில் எது வெடித்தாலும் அந்த ஒன்று வந்து மாட்டிக்கொள்ளும். பெரிய நிலையங்களில் மோடம்களும் இப்படித்தான். காம்டெக் ஈ.எஃப். டேட்டா என்ற அமெரிக்கக் கம்பெனியின் சி.ஆர்.எஸ்-300 என்ற சுவிட்ச் சரியாக இதே கணக்கு: பத்து மோடத்துக்கு ஒரு ஸ்டாண்ட்பை. அவர்களே ஒன்றுக்கு ஒன்று என்று சி.ஆர்.எஸ்-150 என்பதும் வைத்திருந்தார்கள். அது ஒவ்வொரு டயருக்கும் ஒரு ஸ்டெப்னி தொங்கவிட்ட மாதிரி. செலவு ஜாஸ்தி, நிம்மதியும் ஜாஸ்தி.

சுவிட்ச் சும்மா உட்கார்ந்திருக்கும் பெட்டி இல்லை. பத்து மோடத்தின் அமைப்புகளையும் (ஃப்ரீக்வென்ஸி எவ்வளவு, டேட்டா ரேட் எவ்வளவு, எந்த மாடுலேஷன், எந்தக் கோடிங், எவ்வளவு பவர் என்று) மனப்பாடம் செய்து வைத்திருக்கும். நாலாவது மோடம் படுத்துவிட்டால் அதன் வாயை அடைத்துவிட்டு, அதாவது டிரான்ஸ்மிட்டை நிறுத்திவிட்டு, அதன் அமைப்பு முழுவதையும் ஸ்டாண்ட்பை மோடத்துக்குள் கொட்டும். வாயை அடைப்பது முக்கியம். ஒரே ஃப்ரீக்வென்ஸியில் இரண்டு பேர் கத்தினால் மேலே சாட்டிலைட்டில் இரண்டு பேர் பேச்சும் எடுபடாது. பிறகு இரண்டு பக்கமும் ரிலேவைத் திருப்பும்: டிஷ் பக்கம் ஐ.எஃப். கேபிள், தரைப் பக்கம் டேட்டா கேபிள். அந்தத் தரைப் பக்கத்தில்தான் நம் கதாநாயகன் வருகிறான். அவன்தான் இன்டர்ஃபேஸ் கார்டு.

ஒவ்வொரு மோடத்துக்கும் சுவிட்ச்சின் முதுகில் ஒரு கார்டு. ஸ்டாண்ட்பைக்கு ஒரு தனிக் கார்டு. வாடிக்கையாளரின் கேபிள் மோடத்தில் நேராகப் போய் மாட்டாது. கார்டில் மாட்டும். கார்டு அதை நல்ல மோடத்துக்கோ ஸ்டாண்ட்பைக்கோ திருப்பிவிடும். ஆக, வாடிக்கையாளர் எந்த மாதிரி பின்னில் பேசுகிறாரோ அந்த மாதிரி கார்டுதான் அங்கே இருக்க வேண்டும்.

இங்கேதான் அப்பாவின் பொருள். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளில் பொம்மை மட்டும் செய்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நம் வீடுகளில் மீட்டருக்குக் கீழே இருக்கும் ஃபியூஸ் கட்டையும் செய்வார்கள். சுவரில் நிற்பது அடிக்கட்டை. கையில் பிடுங்குவது மேல்கட்டை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. எனக்கு அப்போது அஞ்சு வயசுக்குள்தான். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததையும், விழுந்த கரண்ட் கம்பங்களுக்குக் கணக்கே இல்லாமல் போனதையும் அப்பா சொல்லித்தான் தெரியும். நாள்கணக்கில் இருட்டாக இருந்து ஒருவழியாக எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த ராத்திரி, எங்கள் வீட்டில் மட்டும் ஃபியூஸ் போயிருந்தது. மேல்கட்டை விரிசல். அப்பா சிரித்துக்கொண்டே பரணிலிருந்து புதுக் கட்டை எடுத்தாராம். ஃபியூஸ் கட்டை செய்கிறவர் வீட்டிலா ஃபியூஸ் கட்டைக்குப் பஞ்சம்! ஆனால் அது வேறு அளவு. அடிக்கட்டையின் வாயில் அந்தப் பித்தளை நாக்கு நுழையவே இல்லை. பரணில் ஆறு கட்டை இருந்தது. ஆறும் அதே அளவு. தெருவெல்லாம் வெளிச்சம், எங்கள் வீட்டில் சிம்னி விளக்கு. அம்மா இன்னிக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்: "ஆறு வச்சிருந்தாரு உங்கப்பா, ஆறும் அலங்காரத்துக்கு!"

மோடம் உலகத்தில் இந்த 'அளவு' சமாச்சாரம் இன்னும் வம்பானது. ஆர்.எஸ்-232 என்பது ஒரு கம்பியின் வோல்ட்டேஜைத் தரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. மெதுவான பேச்சு, கிட்டத்துப் பேச்சு. ஆர்.எஸ்-422 என்றால் இரண்டு கம்பி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் செய்தி. அதனால் இரைச்சல் தாங்கும், வேகமும் தாங்கும். வி.35 என்று ஒன்று உண்டு, 34 பின், கையில் பிடித்தால் சின்னச் செங்கல் மாதிரி இருக்கும். ஜி.703 என்றால் விநாடிக்கு 20 லட்சத்து 48 ஆயிரம் பிட் ஓடும் ஈ-1 லைன். அது 75 ஓம் கோ-ஆக்ஸியல் கேபிளில் வரலாம், 120 ஓம் இரட்டைக் கம்பியிலும் வரலாம். மற்றவற்றில் அந்த வேகத்தில் டேட்டா ஒரு கம்பியிலும் கிளாக் இன்னொரு கம்பியிலும் தனித்தனியாக வரும். ஜி.703-இல் கிளாக் டேட்டாவுக்குள்ளேயே கரைந்து வரும். ஆகவே வி.35-ஐயும் ஜி.703-ஐயும் கேபிளை வெட்டி ஒட்டிச் சேர்க்க முடியாது. நடுவில் ஒரு கன்வர்ட்டர் வேண்டும்.

நுழையாத பின்கூடப் பரவாயில்லை, நுழைகிற பின்தான் ஆபத்து! ஆர்.எஸ்-232-க்கும் 25 பின் டி-கனெக்டர். ஈ.ஐ.ஏ-530 என்ற இரட்டைக் கம்பி முறைக்கும் அதே 25 பின் டி-கனெக்டர். கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம், ஸ்குரூவும் இறுகும். ஆனால் ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. எங்கள் வீட்டு ஃபியூஸ் கட்டையாவது நுழைய மாட்டேன் என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டது. இது நுழைந்துவிட்டுச் சும்மா இருக்கும்.

இதையெல்லாம் நான் வகுப்பில் படிக்கவில்லை. இன்-பிளான்ட் டிரெயினிங்கில் படித்தேன். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பெயர் வேண்டாம். ஒரு டிஷ், ஒரு ஏசி ரூம், ஒரு ரேக். ரேக்கில் எட்டு மோடம், ஒன்பதாவது ஸ்டாண்ட்பை, மேலே சுவிட்ச். எல்லாம் பச்சை விளக்கு. பார்க்கவே பிள்ளையார் சதுர்த்திப் பந்தல் மாதிரி இருந்தது.

முதல் நாளே அங்கிருந்த டெக்னீஷியன் அண்ணன் கேட்டார்: "தம்பி, இதுல எது செத்தா எது காப்பாத்தும்?" நான் வேகமாக, "எட்டுல எது செத்தாலும் ஒன்பதாவது காப்பாத்தும்ணே" என்றேன். "பலே, பாஸ் மார்க்" என்றார். அவரும் அன்றைக்கு அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஏழாவது மோடம் செத்தது. பவர் சப்ளை. சுவிட்ச் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தது. ரிலே 'டக்'கென்று விழுந்த சத்தம் எனக்கே கேட்டது. டிஸ்பிளேயில் ஏழுக்குப் பதில் ஸ்டாண்ட்பை ஆன்லைன் என்று வந்தது. ஸ்டாண்ட்பை மோடம் கேரியர் அனுப்பியது. எதிர்முனை கேரியரைப் பிடித்து லாக்கும் ஆனது. அண்ணன் என் முதுகில் தட்டி, "பாத்தியா, டெக்னாலஜி!" என்றார். டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தால் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. வாடிக்கையாளரின் கிளைகளில் எதுவுமே ஓடவில்லை. அண்ணன் திரையைப் பார்த்தார். லாக் இருக்கிறது, சிக்னல் தரம் நன்றாக இருக்கிறது. "எங்க சைடு கிளியர் சார், உங்க ரவுட்டரைப் பாருங்க" என்றார். அவர்கள், "எங்க ரவுட்டர்ல ஒண்ணும் இல்ல, உங்க லிங்க்தான்" என்றார்கள். இப்படியே இரண்டு தரப்பும் மூன்று மணி நேரம் மாறி மாறிப் பந்து உதைத்தோம். எதிர்முனையில் இருந்தவரும் 'எனக்கு லாக் இருக்கே' என்கிறார். எல்லோருக்கும் லாக் இருக்கிறது, ஒருவருக்கும் டேட்டா இல்லை!

சாயங்காலம் ஷிஃப்ட் மாறி வந்த பெரியவர் ஒருவர் திரையைப் பார்க்கவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு ரேக்கின் பின்பக்கம் போனார். அஞ்சு நிமிஷத்தில், "இங்க வாங்கடா" என்று குரல் வந்தது. ஏழாவது மோடத்தின் முதுகில், செத்துப்போன அந்த மோடத்தின் முதுகிலேயே, இரண்டு கோ-ஆக்ஸ் கேபிள் நேராக மாட்டியிருந்தது. சுவிட்ச்சின் கார்டு வழியாக அது போகவே இல்லை.

நடந்தது இது. ஏழாவது லைன் முதலில் வி.35. அதற்கேற்ற கார்டு சுவிட்ச்சில் போட்டிருந்தார்கள். பிறகு வாடிக்கையாளர் ஈ-1 கேட்டார். மோடத்தில் ஜி.703 சாக்கெட்டும் சேர்ந்தே இருந்தது. சுவிட்ச்சுக்கு ஜி.703 கார்டு தனியாக வாங்க வேண்டும். ஆர்டர் போட்டார்கள், வரவில்லை. 'இப்போதைக்கு' என்று கேபிளை மோடத்திலேயே நேராக மாட்டினார்கள். நம் நாட்டில் 'இப்போதைக்கு' என்பதற்கு எத்தனை வருஷம் ஆயுசு என்று உங்களுக்கே தெரியும். டேட்டா எதுவும் வராததால் பழைய கார்டு சுவிட்ச்சில் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொந்தரவு தாங்காமல் யாரோ ஒருவர் ஏழாவதற்கு மட்டும் அலாரத்தை மாஸ்க் செய்துவிட்டார். இருமுகிற பிள்ளையின் வாயைப் பொத்தியாகிவிட்டது. ஸ்டாண்ட்பை மோடத்தின் முகப்பில் மட்டும் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு, 'எனக்கு அனுப்ப டேட்டா வரவில்லை' என்று மூன்று மணி நேரமாக எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் பச்சையை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தோம்.

பெரியவர் இரண்டு கேபிளையும் கழற்றி ஸ்டாண்ட்பையின் முதுகில் மாட்டினார். லைன் வந்துவிட்டது. அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். அவரிடம் யாரும் அந்த ரேக்கின் பின்பக்கத்தைக் காட்டிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட ஒரு மோடத்தை வேண்டுமென்றே அணைத்துப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்ததில்லையாம். "ஓடிட்டு இருக்கறதை ஏன்யா நோண்டுற?" என்பதுதான் மேலிடத்து உத்தரவு.

இது ஏதோ ஒரு சின்னக் கம்பெனியின் கதை என்று நினைக்க வேண்டாம். மேலே, வானத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 1998 மே 19 அன்று அமெரிக்காவில் கேலக்ஸி-4 என்ற சாட்டிலைட்டின் கட்டுப்பாட்டு பிராஸஸர் படுத்தது. உள்ளேயே மாற்று பிராஸஸர் ஒன்று இருந்தது. அதுவும் கைகொடுக்கவில்லை. அந்த நாட்டுப் பேஜர்களில் பெரும்பகுதி ஊமையாகிவிட்டது. அவசரத்துக்கு டாக்டரைக் கூப்பிடப் பேஜரை நம்பியிருந்த காலம் அது.

நம் நாட்டில் 1982 ஏப்ரலில் போன இன்சாட்-1ஏ அதே வருஷம் செப்டம்பரில் முடிந்துபோனது. 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி போய்ச் சேர்ந்து பல வருஷம் நன்றாக உழைத்தது. 1997 ஜூனில் போன இன்சாட்-2டி நாலே மாதத்தில், அக்டோபரில், செயலிழந்தது. வி-சாட் டிஷ்களை நம்பி நாடு முழுக்க நடந்த தேசியப் பங்குச் சந்தையின் வியாபாரமே தடைப்பட்டது. பிறகு அரபு நாடுகளின் அரப்சாட்-1சி என்ற பழைய சாட்டிலைட்டை வாங்கி, இன்சாட்-2டிடி என்று பெயர் மாற்றி வேலை வாங்கினார்கள். எனக்கு அதில் பிடித்த விஷயம், அப்படி ஒன்றை வாங்கிப் பயன்படுத்த முடிந்தது என்பதுதான். பேண்டும் டிரான்ஸ்பாண்டரும் நம் தரை நிலையங்களுக்கு ஒத்துவராமல் இருந்திருந்தால் எவ்வளவு காசு கொடுத்தாலும் அது பரணில் கிடந்த ஆறு கட்டைதான்.

ஹாஸ்டல் நண்பன் ஒருவன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "டேய், ஊரெல்லாம் ஃபைபர் வந்தாச்சு. இன்னும் சாட்டிலைட் மோடத்தைக் கட்டிக்கிட்டு அழுவுறியே" என்றான். நியாயமான கேள்வி. ஆனால் அந்தமானுக்குச் சென்னையிலிருந்து கடலடி ஃபைபர் போய்ச் சேர்ந்தது 2020 ஆகஸ்டில்தான். சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள். லட்சத்தீவுக்கு 2024 ஜனவரியில். அதுவரை அந்தத் தீவு மக்களின் போன், பேங்க், இன்டர்நெட் எல்லாமே ஒரு ரேக்கில் இருந்த மோடம்களை நம்பித்தான். கேபிள் வந்த பிறகு சாட்டிலைட்டைத் தூக்கிக் கடலிலா போட முடியும்? இத்தனை நாள் ஓடிய டயர் இனி ஸ்டெப்னி. கப்பல், ராணுவம், மலைக் கிராமம், புயலுக்குப் பிறகு கம்பம் விழுந்த ஊர் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. கம்பத்தில் கட்டின ஃபைபர் கம்பத்தோடுதான் விழும். தானே அடித்த மாவட்டத்துக்காரனுக்கு அதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொன்னேன். சாட்டிலைட்டை விடு, நாளைக்கு நீ நெய்வேலியில் அப்ரெண்டிஸ் போனாலும், ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் பார்த்தாலும், செராமிக் படித்தவன் டனல் சூளையின் ப்ளோயரைப் பார்த்தாலும், 'இது போனால் அது' என்று ஒரு ஸ்டாண்ட்பை இருக்கும். சூளையில் சரக்கு இருக்கும்போது ப்ளோயர் நின்று, ஸ்பேர் மோட்டாரின் ஃபிளேஞ்ச் துளை ஒத்துவரவில்லை என்றால் என்ன ஆகும் என்று என் அப்பாவைக் கேள். பதில் சொல்ல மாட்டார், முறைப்பார்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். கணக்குக்காக, ஒவ்வொரு மோடமும் நூறு மணியில் ஒரு மணி நேரம் படுத்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். (நிஜத்தில் இவ்வளவு மோசமில்லை.) பத்து மோடம் இருந்தால், ஏதாவது ஒன்றாவது படுத்திருக்கும் நேரம் நூற்றுக்கு 9.6. ஒரு நல்ல ஸ்டாண்ட்பை இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டோ மேலோ படுத்தால்தான் கஷ்டம். அது நூற்றுக்கு 0.43 தான். ஒரே ஒரு பெட்டி சேர்த்ததற்கு இருபது மடங்குக்கு மேல் லாபம்! பத்துக்கு ஒன்று என்ற முறையைக் கஞ்சத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன், புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்த லாபம் முழுவதும் 'பத்தில் எதுவாகவும் அந்த ஒன்று மாற முடியும்' என்ற ஒரே வாக்கியத்தின் மேல் நிற்கிறது. ஒன்றின் கார்டு பொருந்தவில்லை என்றால், கோடிங் வசதி ஸ்டாண்ட்பையில் இல்லை என்றால், சாஃப்ட்வேர் பதிப்பு ஒத்துவரவில்லை என்றால், அந்த ஒருவருக்கு ஸ்டெப்னியே கிடையாது. ஆனால் மற்ற ஒன்பது பேர் கொடுக்கும் அதே காசை அவரும் கொடுத்துக்கொண்டிருப்பார். அது எனக்கு டெக்னிக்கல் தப்பாகத் தெரியவில்லை, ஏமாற்றாகவே தெரிகிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். கோபத்துக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

நாம் மூன்று வருஷம் படிக்கிறோம். கியூ.பி.எஸ்.கே. புள்ளிகளை ஸ்கேல் வைத்து அழகாக வரைவோம். தரை நிலையத்தின் பிளாக் டயக்ராமைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவோம். அந்த டயக்ராமில் இரண்டு கட்டத்துக்கு நடுவில் ஒரு கோடு இருக்கிறதே, அந்தக் கோட்டைப் பற்றி யாராவது ஒரு நாள் பேசியிருக்கிறார்களா? அந்தக் கோடுதான் கேபிள். அதன் இரண்டு முனையிலும் பின் இருக்கிறது. அதற்கு வோல்ட்டேஜ் உண்டு, கிளாக் உண்டு, ஓம் உண்டு. பி.இ. படித்தவர் கட்டத்தை டிசைன் செய்வார். கோட்டைப் போடப்போவது டிப்ளமோக்காரன்! நம் பிழைப்பே அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. அதற்கு நம் லேபில் ஒரு பரிசோதனைகூட இல்லை.

ஆசிரியர்களை மட்டும் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். நம் லட்சணம் என்ன? இறுதியாண்டு ப்ராஜெக்ட்டை எத்தனை பேர் கையால் செய்கிறோம்? கடையில் காசு கொடுத்தால் போர்டும் ரிப்போர்ட்டும் பைண்டிங்கோடு வருகிறது. வைவாவுக்கு முந்தின நாள் ராத்திரி 'இந்த ஒயர் எங்கே போகுது' என்று போன் போட்டுக் கேட்கிற கூட்டம்தானே நாம்? அந்தக் கூட்டத்தில் நானும் போன வருஷம் ஒருவனாக இருந்தேன் என்பதை மறைக்கவில்லை. மினி ப்ராஜெக்ட்டுக்கு நாலு பேர் சேர்ந்து காசு போட்டோம். அது என்ன செய்தது என்று இப்போது கேட்டால் எனக்கு ஞாபகமில்லை.

அதனால் சங்கத்துக்கு என் கோரிக்கை ஒன்றுதான். ஆண்டு விழா ஸ்பீக்கர் செட்டுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை லேபுக்குக் கொடுங்கள். சாட்டிலைட் மோடம் வாங்கச் சொல்லவில்லை, அதற்கு நம் கல்லூரிக் கட்டடத்தையே அடகு வைக்க வேண்டும். மூன்று சாதாரண சீரியல் போர்டு, சில ரிலே, ஒரு மைக்ரோ-கண்ட்ரோலர் இருந்தால் 'இரண்டுக்கு ஒன்று' என்ற சுவிட்ச்சை நாமே கட்டலாம். ஒரு லைனுக்கு ஆர்.எஸ்-232, இன்னொரு லைனுக்கு ஆர்.எஸ்-422 என்று வேண்டுமென்றே மாற்றி வைக்க வேண்டும். அப்போதுதான் கார்டின் அருமை தெரியும். மாணவன் செய்ய வேண்டியது ஒன்றே: ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பிளக்கைப் பிடுங்க வேண்டும். டேட்டா திரும்ப வருகிறதா என்று ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்க்க வேண்டும். வராவிட்டால் ஏன் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். வந்துவிட்டவனைவிட வராதவன்தான் அன்றைக்கு நிறையக் கற்றிருப்பான்.

செயலாளர் தோழரிடம் இதைச் சொன்னபோது, "நல்ல யோசனைதான், அடுத்த பட்ஜெட்டில பாக்கலாம்" என்றார். 'இப்போதைக்கு' என்ற சொல்லுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. எனவே நானும் என் பெஞ்ச்மேட் இரண்டு பேரும் காத்திருக்கவில்லை. பழைய ரிலேக்களைத் துடைத்து, ஒரு பலகையில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறோம். ரிலேக்களுக்கு நடுவில் ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டையும் இருக்கிறது, அப்பா கொடுத்தது. இந்தத் தடவை அடிக்கட்டையும் மேல்கட்டையும் சேர்த்தே வாங்கி, போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்து வந்தேன்.

முதல் லைன் மாறுகிறது. இரண்டாவது லைன் பத்துத் தடவைக்கு மூன்று தடவை மாறும்போது தொங்கிவிடுகிறது. ஏன் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கிளாக் கம்பி என்று எனக்குச் சந்தேகம், ரிலே பாயிண்ட் என்று பெஞ்ச்மேட்டுக்குச் சந்தேகம். செவ்வாய்க்கிழமைகளில் நாலு மணிக்கு மேல் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் இருப்போம். எந்த டிபார்ட்மெண்ட்டாக இருந்தாலும் வரலாம், எந்த பிளக்கை வேண்டுமானாலும் பிடுங்கலாம்.